படித்ததும் கிழித்துப்போடு

மட்டாஞ்சேரி
11-2-2024

தம்பி இசக்கிராஜாவுக்கு,

உன் அக்கா அமுதவள்ளி எழுதுகிறேன். நானும் உன் மருமகள் செல்வியும் இருக்கிறோம். என் இருமல் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய், ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. லாரி ஓட்டும் செல்லப்பாதான், "ராஜா தூத்துக்குடி குடோன்ல இருக்கான்க்கா. மொதலாளியே வண்டி ஏத்தி விட்டாரு" என்று சொல்லி இந்த விலாசத்தைக் கொடுத்தார். கூடப் பிறந்தவன் விலாசத்தை லாரிக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

நீ கிளம்பிப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். லேபர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் நம் சுக்குப் பாண்டிகசாலைக்குத் திடீரென்று வந்தார்கள். நாங்கள் பதினொரு பேரும் சுளகும் கையுமாகச் சுக்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாதம் என்ன சம்பளம் என்று கேட்டார்கள். ஒன்பதாயிரம் என்றோம். ராமபத்ரன் முதலாளி பதறவே இல்லை. ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சர்க்கார் விதித்த கூலி, பதினாலாயிரத்துச் சொச்சம், மாதா மாதம் எங்கள் பேங்குக் கணக்கில் போட்டிருக்கிறாராம். "பைசா முழுவனும் நிங்ஙளுடெ அக்கௌண்டில் வந்நிட்டுண்டல்லோ" என்று ஆபீஸர் எங்களையே திருப்பிக் கேட்டார். எங்களுக்கு விழி பிதுங்கிவிட்டது.

கணக்கில் எவ்வளவு விழுகிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கார்டுகள் எல்லாம் சூப்பர்வைசரான உன்னிடம். பேங்கில் கொடுத்திருக்கும் போன் நம்பரும் உன்னுடையது. ஏடிஎம்முக்கு நாங்கள் போனால் அரை நாள் கூலி போகும் என்று, நீதான் எல்லாருக்கும் எடுத்து வந்து உறையில் போட்டுக் கொடுப்பாய். முப்பிடாதி முதலில் கார்டைத் தரமாட்டேன் என்றாள், நினைவிருக்கிறதா? நான்தான் "எந் தம்பிதாம்ளா, குடு" என்று அவளிடம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது பத்துப் பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் கார்டுகள் எங்கே? மிச்சப் பணம் எங்கே போனது? நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
அமுதவள்ளி


தூத்துக்குடி
27-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில்தான் ஆளை வாட்டுகிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுக்குப் புடை என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே. முழங்கால் வலி தேவலையா? செல்வி பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்கிறாளா, போனை நோண்டிக்கொண்டிருக்கிறாளா?

பழைய நம்பரை முதலாளிதான் தூக்கிப் போடச் சொன்னார். போனில் பேசினால் ரெக்கார்டு ஆகுமாம். அதைக் கொண்டுபோய் யாராவது ஆபீஸில் போட்டுக் காட்டிவிடுவார்கள் என்று முதலாளியின் வக்கீல் பயமுறுத்தியிருக்கிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. படித்ததும் கிழித்துப்போடு, தீர்ந்தது. உன்னுடையதை நானும் கிழித்துவிட்டேன்.

கார்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அதைப்பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் பதினொரு பேரும் எழுத்து மூலமாக எங்கேயும் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்தில் எல்லாம் ஆறிப்போகும். இந்தக் குடோன் பொறுப்பையே என்னிடம் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நம்ம பாஷை பேசுகிற மனுஷன், நம்மைக் கைவிடுவாரா?

செல்விக்கு என் அன்பு.

தம்பி
இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
17-3-2024

தம்பி ராஜாவுக்கு,

நாங்கள் நலம். செல்விக்குப் பரீட்சை முடியப் போகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நாங்கள் மனு கொடுத்துவிட்டோம். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். சட்ட உதவிக்கு ஸாதனா என்று ஒரு வக்கீல் அம்மா கிடைத்திருக்கிறார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவர் எங்களைப் பேங்குக்குக் கூட்டிப்போய்ப் பழைய கணக்கைக் காகிதத்தில் அடித்து வாங்கினார். கார்டுகளையும் முடக்கியாயிற்று. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறாயே, இனி அவற்றை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

கணக்கை வரி வரியாகப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, தோப்பும்படி ஏடிஎம். காலை பத்தேகாலுக்கு முதல் கார்டு, பத்தேமுக்காலுக்குள் பதினொன்றும் முடிந்துவிடுகிறது. மூன்று வருஷமாக இப்படி. ஒவ்வொரு மாதமும் ஏழாவதாக வருவது என் கார்டு.

எனக்கு மட்டும் முழுச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கு இவர்கள் முகத்தில் விழித்திருக்க முடியாது. ஆனால் என் கார்டைச் செருகும்போது உன் கை ஒரு தடவையாவது நின்றதா? பதினொரு கார்டுக்கும் செல்வி பிறந்த தேதியையே ரகசிய நம்பராக வைத்தாய். "மருமக பொறந்த நாளுன்னா மறக்காதுக்கா" என்றாய். நான் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டவள்.

இரண்டு வாரமாக முப்பிடாதி என்னோடு சாயா குடிக்க வருவதில்லை. அன்றைக்கு எல்லாரும் கேட்க, "ஒங்க வீட்ல புதுசா பீரோ கீரோ வாங்கலியாளா?" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். பணம் எங்கே போனது என்று எனக்காவது சொல்.

அக்கா
அமுதவள்ளி


தூத்துக்குடி
2-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீங்கள் இரண்டு பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

செல்வி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அதில் ஒரு ரூபாய்கூட நான் தொடவில்லை. எடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைப்பேன். அவர் மருமகன் சங்கர்ராம் எண்ணுவார். ஆளுக்கு ஒன்பதாயிரத்தை எண்ணி என்னிடம் தருவார்கள். மிச்சத்தை முதலாளி தன் கையாலேயே ஒரு பச்சை அட்டை நோட்டில் பெயர் வாரியாக எழுதிக்கொள்வார். மேஜையின் இடது பக்க இழுப்பறை, கீழ்த் தட்டு. அதன் சாவி அவர் பூணூலில் இருக்கும். நான் நிரபராதி என்பதற்கு அந்த நோட்டே சாட்சி.

முதல் மாதமே கேட்டேன், அக்கா. "சட்டத்துக்கு ஒரு கூலி, நமக்கு ஒரு கூலிடா. அப்படி இல்லேன்னா குடோனை மூடிண்டு போக வேண்டியதுதான். உன் அக்காவும் சேர்ந்துதான் தெருவுல நிப்பா, பரவால்லையா?" என்றார். மறு மாதமும் கார்டுகளோடு ஏடிஎம்முக்குப் போனேன்.

கை நின்றதா என்று கேட்டாய். நின்றது. உன்னை மட்டும் விட்டுவிட்டால் நீ ஊருக்கே சொல்லிவிடுவாய். உன் வாயில் எதுவும் தங்காது என்பது எனக்குத் தெரியாதா?

இதை எழுதியதே தப்பு. படித்ததும் கிழித்துப்போடு.

தம்பி
இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
15-4-2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு,

நேற்று விஷு. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தார்கள். உனக்கு முந்திரி பிடிக்கும் என்று செல்வி தன் கிண்ணத்தில் கிடந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு நினைப்பு வந்து தானே தின்றாள். நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு மூச்சு வந்தது. நீ திருடவில்லை. அது போதும் எனக்கு.

மே மாதம் இருபதாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்தது நிரூபணமானால் முதலாளி அந்த வித்தியாசத்தையும் கொடுக்க வேண்டும், அதற்குமேல் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கலாமாம். ஜெயிலுக்குக்கூட வழி இருக்கிறதாம். "ஆனா பேங்குக் காகிதம் அவா பக்கம்தான் பேசறது, அமுதவள்ளி. பணம் திரும்பி முதலாளி கைக்குப் போச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார் ஸாதனா அம்மா. சாட்சிக்கு நான் உன் பெயரைச் சொல்லவில்லை. நீயே வருவாய் என்று நம்பியிருக்கிறேன்.

எனக்கு எழுதியதை அப்படியே அங்கே வந்து சொல். வைட்டிலாவில் பஸ் இறங்கும்போது நான் நிற்பேன். முப்பிடாதியையும் அழைத்து வருகிறேன். நீ இறங்குவதை அவள் பார்க்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா


மட்டாஞ்சேரி
26-5-2024

தம்பிக்கு,

உடம்புக்கு ஏதாவதோ என்று முதலில் பயந்துவிட்டேன். குடோனில் நலமாகத்தான் இருக்கிறாய் என்று செல்லப்பா சொன்னார்.

இருபதாம் தேதி விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை வைட்டிலாவில் நின்றோம். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். முப்பிடாதி எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

நீ வராதது பெரிதில்லை. விசாரணையில் முதலாளியின் வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? முதலாளிக்கு ஒன்றுமே தெரியாதாம். முழுக் கூலியையும் ஒழுங்காகப் போட்டாராம். சூப்பர்வைசர் இசக்கிராஜாதான் படிக்காத பெண்களை ஏமாற்றிக் கார்டை வாங்கித் திருடினானாம். உன்மேல் போலீஸில் புகார் கொடுத்து நகலையும் கொண்டுவந்திருந்தார்கள். ராமபத்ரன் முதலாளி என்னைப் பார்த்து, "சொந்தத் தம்பியே இப்படிப் பண்ணிட்டானேம்மா, எனக்கே மனசு கேக்கலை" என்றார். நம்ம பாஷையில்தான் சொன்னார்.

உன்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் தூத்துக்குடியில் சோறு போட்டு வைத்திருக்கிறார். இன்னும் அவரை நம்பாதே. ஓடி வந்துவிடு. நான் இருக்கிறேன்.

அக்கா


தூத்துக்குடி
9-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம்தான் எனக்கு முக்கியம்.

நீ எழுதியது பாதிதான் உண்மை. முதலாளி முந்தாநாள்கூட என்னோடு பேசினார். வக்கீல் பேசுவது அங்கே காட்டுவதற்காகவாம். புகாரை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். அதற்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். மலையாளத்தில் இருப்பதால் உனக்குப் படிக்க வராது. நீங்கள் விருப்பப்பட்டுத்தான் கார்டைக் கொடுத்தீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று இருக்கிறது, அவ்வளவுதான். கீழே பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, செல்லப்பாவிடம் கொடுத்துவிடு. யாரிடமும் காட்ட வேண்டாம். இது போய்ச் சேர்ந்தால் என்மேல் கேஸ் நிற்காது. எனக்காக இதைச் செய்யாமல் இருப்பாயா நீ?

கடிதத்தைக் கிழித்துப்போடு.

தம்பி
இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
21-6-2024

இசக்கிராஜாவுக்கு,

நலம்.

காகிதம் வந்தது. உன்னை நம்பிப் பேனாவை எடுத்துவிட்டேன். என்ன எழுத்து என்று செல்வி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் கடகடவென்று வரும் என்பதை நீ மறந்துவிட்டாய் போல. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். "அம்மா, மாமன் இது வாயிச்சிட்டுத்தான் அயச்சாரா?" என்றாள். மீதியை நான் அதட்டித்தான் படிக்க வைத்தேன்.

பதினொரு பெண்களும் மாதா மாதம் சீட்டுக் கட்டினார்களாம். அந்தச் சீட்டை நடத்தியது நானாம். நான் சொல்லித்தான் என் தம்பி பணம் எடுத்தானாம், எடுத்ததெல்லாம் என் கைக்கு வந்ததாம். முதலாளிக்கும் தம்பிக்கும் இதில் சம்பந்தமே இல்லையாம். அதற்குக் கீழேதான் உன் பென்சில் குறி இருக்கிறது.

நீ ஏழாவது படிக்கையில் உன்னை இங்கே கூட்டி வந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். எழுத்துப் பிடிபடாமல் ஆறு மாதம் அழுதாய். பத்தாவதில் மலையாளத்தில் எண்பது மார்க் வாங்கி வந்தபோது தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். அதனால் செல்வி கேட்ட அந்த ஒன்றையே நானும் கேட்கிறேன். இந்தக் காகிதத்தை நீ படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் போடு.

அமுதவள்ளி


தூத்துக்குடி
4-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? அங்கே மழை பலமாம். ஓட்டு வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவிச் சூடு கொடு. செல்விக்கு வகுப்புத் தொடங்கியிருக்கும், யூனிபார்ம் எடுத்தாயிற்றா? நன்றாகப் படிக்கச் சொல்.

நான் இப்போது குடோனில் இல்லை. போன மாதம் சம்பளம் வரவில்லை. முதலாளிக்குப் போன் போட்டால் சங்கர்ராம் எடுத்து, அவர் இல்லை என்கிறார். என் பெட்டியை வெளியே வைத்துவிட்டார்கள். வீரபாண்டி என்று ஒரு சிநேகிதனோடு தங்கியிருக்கிறேன். அவன் விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. பேசியது ஒரு கூலி, கையில் தருவது ஒரு கூலி.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நான் எழுதிய கடிதங்களை எல்லாம் கிழித்துவிட்டாய்தானே? அதை மட்டும் உடனே எழுது.

தம்பி
இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
3-11-2024

இசக்கிராஜாவுக்கு,

செல்வி நலம். முழங்கால் வலி அப்படியேதான். நீ கேட்டதற்கு மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். நான் கேட்டதற்கு நீ எழுதவே இல்லை. வீட்டு ஓடு முதல் யூனிபார்ம்வரை எல்லாம் விசாரித்திருந்தாய், அது ஒன்றைத் தவிர.

கிழிக்கவில்லை. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் கிழிக்கச் சொல்லி எழுதினாய், நான் ஒரு தடவையும் கிழித்தேன் என்று எழுதியதில்லை. நீ கவனிக்கவில்லை. ஐந்து வாரம் தவித்து வாங்கிய கடிதம் என்று முதல் கடிதத்தைச் செல்வியின் மார்க் ஷீட்டுகளோடு வைத்தேன். சந்தேகப்பட்டு வைக்கவில்லை, ஆசையில் வைத்தேன். சந்தேகம் அந்த மலையாளக் காகிதம் வந்த பிறகுதான் வந்தது. போன் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாயே, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, உன் கைப்பட எழுதினால் மாட்டமாட்டோம் என்று உனக்கு யார் சொன்னது?

ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி நடந்த விசாரணையில் உன் ஏப்ரல் கடிதத்தையும் அந்தக் காகிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸாதனா அம்மா கடிதத்தை மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பச்சை அட்டை நோட்டு என்று வந்ததும் முதலாளியின் கை தன்னால் இடுப்புப் பக்கம், பூணூல் சாவிக்குப் போனது. எதிர் வக்கீல் கடிதமே பொய் என்று கத்தினார். ஆபீஸர் அன்றைக்கே ஆள் அனுப்பினார். இடது பக்க இழுப்பறை, கீழ்த் தட்டு. நோட்டு நீ எழுதிய இடத்திலேயே இருந்தது. பதினொரு பெயரும் முதலாளியின் கையெழுத்தில் இருந்தன.

அதற்கு முன் ஆபீஸர் என்னிடம் கடிதத்தை நீட்டி, யாருடைய கையெழுத்து என்று கேட்டார். "எந் தம்பி கையெழுத்து சார்" என்றேன். கூடப் பிறந்தவனா என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு போன வாரம் வந்தது. மனு கொடுத்ததற்கு முந்திய ஆறு மாத வித்தியாசமும், அதைப்போல மூன்று மடங்கு இழப்பீடும் முதலாளி கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய இரண்டரை வருஷம் போனது போனதுதான். அவருக்குத் தண்டனை கேட்டுக் கோர்ட்டில் தனிக் கேஸ் போடுகிறார்கள். நீ திருடினாய் என்ற புகாரும் அந்த நோட்டோடு அடிபட்டுப் போனது. நீ கிழிக்கச் சொன்ன கடிதம்தான் உன்னைக் காப்பாற்றியது.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் எங்களை ஏமாற்றியதற்குப் போலீஸில் புகார் எழுதும்போது, முதலாளி, சங்கர்ராம் பெயருக்குக் கீழே உன் பெயரையும் சேர்க்கவா என்று ஸாதனா அம்மா கேட்டார். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஒந் தம்பில்லா. நீ வேணாம்னா விட்ருவோம்ளா" என்றாள் முப்பிடாதி. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அவளிடம் கார்டை வாங்கி உன் கையில் கொடுத்தவள் நான். "சேத்து எழுதுங்கம்மா" என்றேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

நேற்று பதினொரு பேரும் தோப்பும்படி ஏடிஎம்முக்கு அவரவர் புதுக் கார்டோடு போனோம். அரை நாள் கூலி போனால் போகட்டும் என்று போனோம். என் கார்டுக்கு வேறு நம்பர் வைத்துவிட்டேன். செல்வி பிறந்த நாளை இனி அதற்கெல்லாம் வைக்கப்போவதில்லை.

போலீஸிலிருந்து உனக்கு ஆள் வரும். வீரபாண்டி வீட்டு விலாசத்தை நான்தான் கொடுத்தேன். ஓடாதே. வந்து நடந்ததைச் சொல். அன்றைக்கும் வைட்டிலாவில் நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நீ கிழிக்க வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொள். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று நீ யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது எடுத்துக் காட்டு. தேதி போட்டிருக்கிறேன். என் கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன் அக்கா
அமுதவள்ளி